எந்த வேலி? யாருக்கு வேலி?

தாலுகா கச்சேரியிலிருந்து வருகிற எந்தத் தாளையும் எடுத்துப் பாருங்கள், தோழர்களே! சாதிச் சான்றா, பட்டா நகலா, பென்ஷன் உத்தரவா, எதுவானாலும் உச்சியிலே ஒரு கோபுரம் நிற்கும். 1949ஆம் ஆண்டு முதல் நமது சர்க்காரின் முத்திரை அது. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரமே அது என்பது ஊரார் பேச்சு. இல்லை, மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கை இரண்டு ஊர்க்காரர்களும் தீர்த்துக் கொள்ளட்டும். நாம் சொல்ல வந்தது வேறு. கோபுரம் ஓங்கி நிற்கிறது. ஆனால் அதன் வாசலிலே, ‘யார் நீ?’ என்று கேட்பதுபோல, அசோகத் தூணின் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன! வரைந்தவர் எதை நினைத்து வரைந்தாரோ, நமது அரசியல் சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. கோபுரம் நம்முடையது, வாசற்காவல் டில்லியுடையது.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இராஜபாளையம். 1950 ஜனவரி 26ஆம் நாள், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று, சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் நாற்காலியிலே இருந்தவர் இந்த ஊர்க்காரர், பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1949 ஏப்ரலில் மாகாணப் பிரதமராக வந்தவர். ஆகவே புதிய சட்டம் தந்த அதிகாரத்தை முதலில் கையில் எடுத்துப் பார்த்தவரும், அதன் எல்லையிலே முதலில் முட்டிக் கொண்டவரும் நம் வட்டாரத்து மனிதர்தாம். காந்திய வழி நின்றவர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவரை ஏச நாம் வரவில்லை. அவர் சர்க்கார் முட்டிக் கொண்ட கதை, எழுபத்தைந்து ஆண்டு கழிந்த பிறகும் நமக்கு வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எடுக்கிறோம்.

‘மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான்! ஆனால் மாநிலத்தின் கைக்குப் போட்ட கட்டு எல்லாமே அக்கிரமக் கட்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாமா? கூடாது என்கிறோம் நாம். பயிரைக் காக்க மாட்டை மறிக்கும் வேலியும் உண்டு. பயிரிட்டவனையே வயலுக்கு வெளியே நிறுத்தும் வேலியும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கி எறிகிறவன் நல்ல விவசாயி அல்லன்.

1950க்குப் போவோம். குடியரசு பிறந்து பதினாறாவது நாள், பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையிலே துப்பாக்கி வெடித்தது. சிறைக்குள் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுத் தோழர்கள் 22 பேர் செத்து விழுந்தார்கள். சிறையும் போலீசும் யாருடையவை? மாநிலத்துடையவை! மாநிலப் பட்டியலிலே முதல் இனமாகப் பொது ஒழுங்கும், இரண்டாவது இனமாகப் போலீசும் இருக்கின்றன. அதிகாரம் சென்னையிலேதான் இருந்தது, டில்லியில் அல்ல. செத்தவனுக்கு அதிலே என்ன ஆறுதல்?

அடுத்த மாதம், மார்ச் 1ஆம் தேதி, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார ஏடு சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு. கையிலே கிடைத்த ஆயுதம் 1949ஆம் வருடத்துச் சென்னைப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது: ‘பொது ஒழுங்கு’ என்று பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டு பத்திரிகையின் வாயைக் கட்ட மாநிலத்துக்கு உரிமை இல்லை, உத்தரவு செல்லாது! மார்ச் 10ஆம் தேதி மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். வி. ஜி. ராவ் வழக்காடினார். அதற்கென்று செய்த சென்னைச் சட்டப் பிரிவும் 1952 மார்ச் 31ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டிலே வீழ்ந்தது. சங்கம் சேரும் உரிமையை ஒரு மந்திரிசபை தன் மனத் திருப்தி ஒன்றை மட்டும் வைத்துப் பறிக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

மில் தொழிலாளத் தோழரே, யோசித்துப் பாரும்! உமது சங்கத்தின் பெயர்ப்பலகையை நாளைக்கே ஒரு சர்க்கார் கழற்றி எறிய வருமானால், உமக்கு முன்னே நிற்கிற வேலி எது? அந்த வி. ஜி. ராவ் வழக்குத்தான். மாநிலத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த வழக்கு. அந்த எல்லையை நாம் எதிர்க்க வேண்டுமா? ஆட்சியிலே யார் இருந்தாலும், நம்மவரே இருந்தாலும், அந்த வேலி இருக்கத்தான் வேண்டும்.

அடுத்ததுதான் சிக்கலான கதை. வகுப்புவாரி உத்தரவு, அதாவது கம்யூனல் ஜி.ஓ. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட ஏற்பாடு. இதைச் செல்லாது என்று 1950 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் சொன்னது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று பெயர். இங்கேயும் முட்டிக் கொண்டது குமாரசுவாமி ராஜாவின் சர்க்கார்தான். ஆனால் இந்தத் தடவை அடி விழுந்தது ஏழை வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையிலே! நாடு கொதித்தது. பெரியாரின் கிளர்ச்சி தெருவுக்கு வந்தது. தீர்ப்பு வந்து எழுபதாவது நாள், 1951 ஜூன் 18ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற வாசகம் 15ஆம் விதியிலே ஏறிற்று.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்: அதே திருத்தத்தின் இன்னொரு பக்கத்திலே, ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லை 19ஆம் விதிக்குள் நுழைத்து, ரொமேஷ் தாப்பர் பெற்ற வெற்றியைப் பாதி திரும்ப எடுத்துக் கொண்டார்கள். ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுத்தல். ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி இது: வேலி மனிதர் போட்டது. தவறான இடத்திலே போட்டிருந்தால், ஜனங்கள் எழுந்து நின்றால், எழுபது நாளில் நகர்த்தலாம்.

இனி, பயிரிட்டவனையே வெளியே நிறுத்தும் வேலிக்கு வருவோம்.

1950ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஏழாவது அட்டவணையிலே மத்திய சர்க்காருக்கு 97 இனங்கள், மாநிலங்களுக்கு 66, இருவருக்கும் பொதுவாக 47. எந்தப் பட்டியலிலும் இல்லாத மிச்சம் மீதியெல்லாம் டில்லிக்கு! அமெரிக்காவிலே மிச்சம் மாநிலத்துக்கு, இங்கே மத்திக்கு. அந்த 66இலும் ஐந்தை 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தம் பிடுங்கிப் பொதுப் பட்டியலிலே போட்டது. கல்வி, காடு, வன விலங்கு பறவைப் பாதுகாப்பு, எடை அளவை, நீதிமன்ற நிர்வாகம். பொது என்றால் பங்காளிச் சொத்து என்று எண்ணி ஏமாறாதீர்கள். பொதுப் பட்டியலிலே மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் நிற்பது மத்தியச் சட்டம். மாநிலச் சட்டம் பிழைக்க வேண்டுமானால் ஜனாதிபதியின் இசைவு வேண்டும்.

இப்படிப் பட்டியலை மாற்றப் பாராளுமன்றம் மட்டும் போதாது. பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்றாக வேண்டும் என்பது 368ஆம் விதி. அப்போது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்ன சொல்லிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல, சட்டமன்றமே இல்லை! 1976 ஜனவரி 31ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டு, மன்றமும் கலைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலைக் காலம். தலைவர்கள் ‘மிசா’விலே சிறைக்குள். வீட்டுக்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுப் பாகப் பிரிவினை எழுதிய கதை இது. 

அதன் பலனை நமது பிள்ளைகள் இன்றைக்கும் சுமக்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கு ‘நீட்’ வேண்டாம் என்று 2017 பிப்ரவரியில் சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றிற்று. ஜனாதிபதியின் இசைவு கிடைக்கவில்லை. வேறு கட்சி ஆட்சிக்கு வந்தது. 2021 செப்டம்பர் 13ஆம் நாள் மறுபடியும் மசோதா. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8ஆம் நாள் மன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றிற்று. டில்லிக்குப் போனது, 2025 ஏப்ரலில் நிராகரிக்கப்பட்ட செய்தி வந்தது. எதிரெதிர்க் கொடி பிடிக்கும் இரண்டு கட்சிகளின் ஆட்சி, ஒரே கோரிக்கை, ஒரே பதில்! நூற்பாலையிலே இரவு ஷிப்டு பார்க்கிறவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலே எத்தனை மார்க்கு வாங்கினாலும் போதாது. பணம் கட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போயாக வேண்டும். இதைத் தீர்மானிக்கிற இடத்திலே கோட்டைக்கு நாற்காலி இல்லை.

ஆனால் இருக்கிற இடத்தில் நின்றே காரியம் பார்த்த கதையும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்திலே 7.5 விழுக்காடு என்று 2020 செப்டம்பரில் மசோதா நிறைவேறிற்று. கவர்னர் கையெழுத்துப் போடவில்லை. வாரங்கள் ஓடின, கலந்தாய்வு நெருங்கிற்று. அக்டோபர் 29ஆம் தேதி சர்க்கார், 162ஆம் விதி தரும் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணையாகவே போட்டுவிட்டது. மறுநாளே கவர்னரின் ஒப்புதலும் வந்தது! எந்தக் கட்சி செய்தது என்று பாராமல் பாராட்ட வேண்டிய சாமர்த்தியம் இது. வேலியிலே சந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்தான் உள்ளே போகிறான்.

காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கே பாருங்கள், செண்பகத்தோப்பும் அதற்கு மேலே மலையும். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப மத்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். இதைப் பற்றி நம் தோழர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நமது கருத்தைக் கேட்டால், மரம் வெட்டுகிறவனுக்கும் ஓய்வு விடுதி கட்டுகிறவனுக்கும் உள்ளூரிலே தரகர் கிடைப்பது சுலபம். இந்தக் கட்டு இல்லாதிருந்தால் மலை மொட்டையாகியிருக்கும். டில்லி போட்டது என்பதற்காகவே ஒரு வேலியை வெறுக்கத் தேவையில்லை. மலையிலே வாழும் பளியருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த உரிமை கைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பணப்பைக்கு வருவோம். இந்தியாவிலேயே முதன்முதலில் பொது விற்பனை வரி விதித்தது எது? சென்னை மாகாணம், 1939ஆம் ஆண்டு! மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடு கட்ட ராஜாஜி கொண்டு வந்தது. ஏழைக்கு நல்ல வரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று நமது மன்றம் முடிவு செய்தது. கூடிற்றா, மந்திரியை மறித்துக் கேட்கலாம். 2016 ஆகஸ்டில் 101ஆவது திருத்தம் நிறைவேறியபோது, இங்கே ஆட்சியிலிருந்த கட்சியின் எம்.பி.க்கள் வெளிநடப்புச் செய்தார்கள். நிறைவேறிவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். வீதிக்கு வீதி விசைத்தறி. ஓடுவது காஸ் துணியும் பேண்டேஜும். நாட்டின் ஆஸ்பத்திரிகளிலே காயத்துக்குக் கட்டுகிற துணி. அந்தக் கட்டுத்துணிக்கு 12 விழுக்காடு வரி போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 விழுக்காடு ஆயிற்று. குறைந்தது நல்லதே! ஆனால் இடையிலே எட்டு வருடம் தறிக்காரர் யாரிடம் முறையிட வேண்டியிருந்தது? கோட்டையிலே முறையிட்டால் ‘கவுன்சிலில் சொல்கிறோம்’ என்பார்கள். கவுன்சிலிலே வாக்குக் கணக்கு எப்படி? மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, டில்லி தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. சட்டமன்றம் உள்ள பிரதேசங்களையும் சேர்த்து 31 பேர் பிரித்துக் கொள்ளும் பங்கிலே தமிழ்நாட்டின் வாக்கு, நூற்றுக்கு இரண்டே கால் கூடத் தேறாது. கவுன்சில் சொல்வது பரிந்துரையே தவிரக் கட்டளை அல்ல என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொன்னது சரி. தனியாக ஒரு மாநிலம் விலகி நின்று வியாபாரம் நடத்த முடியுமா?

கவர்னர் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை, தோழர்கள் அறிந்ததே. 2023 நவம்பர் 13இல் பத்து மசோதாக்களைத் திருப்பினார் கவர்னர். 18ஆம் தேதியே மன்றம் கூடி அப்படியே மீண்டும் நிறைவேற்றிற்று. அவரோ ஜனாதிபதிக்கு அனுப்பி வைத்தார். அப்படிச் செய்தது சட்டவிரோதம், பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 8ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது இங்கே வெடி வெடித்தோம். ஆனால் ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு, 2025 நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் பதிலளித்தார்கள்: கவர்னருக்குக் கெடு விதிக்க இயலாது, கையெழுத்து இல்லாமல் ஒப்புதல் ஆனதாகக் கொள்வதும் இல்லை, ஆயினும் காரணமின்றிக் காலவரையறையின்றி உட்கார்ந்தால், முடிவெடு என்று கோர்ட் சொல்லலாம். பாதி வாசல் திறந்தது, பாதி மூடிற்று. குமாரசுவாமி ராஜாவே 1954இலிருந்து 1956 வரை ஒரிஸ்ஸாவுக்குக் கவர்னராக இருந்தவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. வாசலின் இரண்டு புறமும் நின்று பார்த்தவர்!

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். முல்லைப் பெரியாற்று அணையிலே 142 அடி தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும், கேரளம் என்ன செய்தது? தன் சட்டமன்றத்தைக் கூட்டி, 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. அது கேரளத்தின் மாநில உரிமை அல்லவா? அல்ல என்றார்கள் ஐந்து நீதிபதிகள், 2014 மே 7ஆம் நாள். கோர்ட் தீர்ப்பை மாநிலச் சட்டத்தால் அழிக்க முடியாது. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முறிக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டபோதும், அதே ஆண்டு நவம்பர் 22இல் அதே பதில்தான் கிடைத்தது. அன்று மகிழ்ந்தோம் அல்லவா? மாநிலத்தின் கையைக் கட்டியதற்குத்தானே மகிழ்ந்தோம்! அண்டை வீட்டானை அழிக்காமல் காக்கிற வேலி வேண்டும் என்று அன்று ஏற்றுக் கொண்டுவிட்டோம். அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் உண்டு.

நம்முடைய வறண்ட கண்மாய்களுக்கு உயிர் தரும் என்று நாம் காத்திருக்கிற திட்டம் பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பு. 1995இலேயே தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை அறிக்கை தந்தது: ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் நீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவரலாம், 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும். விருதுநகர் மாவட்டமும் தெற்கே உள்ள மாவட்டங்களும் பிழைக்கும். முப்பது வருடம் ஆயிற்று. ஒரு சொட்டு வரவில்லை. ஏன்? அந்த இரண்டு ஆறுகளும் கேரளத்திலேயே பிறந்து கேரளத்திலேயே கடல் சேர்பவை. தண்ணீர் மாநிலப் பட்டியலிலே 17ஆவது இனம். ஒரு மாநிலத்தின் சட்டம் அதன் எல்லைக்கு வெளியே செல்லாது என்பது 245ஆம் விதி. கேரளம் மறுக்கிறது. மிச்சத் தண்ணீரே கிடையாது, குட்டநாட்டு வயலிலே உப்புத் தண்ணீர் ஏறும் என்கிறது. அவர்கள் கணக்குச் சரியா, முகமையின் கணக்குச் சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாநில உரிமை பேசுகிற நாம், ‘டில்லி கேரளத்தின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீரை வாங்கித் தரட்டும்’ என்று மேடையிலே பேசலாமா? பேசுகிறோமே! காலையிலே ‘டில்லியே, என் வீட்டுக்குள் வராதே’; மாலையிலே ‘டில்லியே, பக்கத்து வீட்டுக்குள் போ’. எதிர்க்கட்சிக்காரன் சிரிக்க மாட்டானா?

வழி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 263ஆம் விதி, மாநிலங்கள் ஒருவரோடொருவரும் மத்தியோடும் உட்கார்ந்து பேச ஒரு மன்றம் அமைக்கலாம் என்கிறது. நாற்பது வருடம் அது ஏட்டுச் சுரைக்காய். சர்க்காரியா குழு வலியுறுத்திய பிறகு, 1990 மே மாதம் அமைந்தது. பதினோராவது கூட்டம் 2016 ஜூலை 16இல் நடந்தது. இருபத்தாறு வருடத்தில் பதினொன்று! கிராமத்துக் கோயில் கமிட்டிகூட இதைவிட அதிகம் கூடும். 1969இல் அமைந்து 1971இல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழுவும் இந்த மன்றத்துக்குப் பல் வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையிலே தமிழ்நாடு இன்னொரு குழுவை அமைத்தது.

குழுக்கள் எழுதட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாநிலங்களிடை மன்றத்தை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட்டு, பட்டியலிலிருந்து பிடுங்கிய கல்வியை அங்கே விவாதத்துக்கு எடு, வைப்பாற்றுத் தண்ணீரையும் குட்டநாட்டு உப்பையும் ஒரே மேசையிலே வை என்று ஒரு தீர்மானம். இராஜபாளையம் ஆலைத் தொழிலாளர் நிறைவேற்றட்டும். சத்திரப்பட்டித் தறிக்காரர் நிறைவேற்றட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிகள் நிறைவேற்றட்டும். மலைக்கு அப்பால் நமது தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். குட்டநாட்டு வயலிலே அறுவடைக்கு இறங்குகிறவர்களும் கூலிக்காரர்கள்தாம். முதலில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தத் தீர்மானத்தின் மலையாளப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒரே தபாலிலே டில்லிக்குப் போகட்டும்.